அப்பா வாங்கிய வீட்டைப் பிள்ளைகள் விற்றால் வரி எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது?

பெரியப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பரணில் கிடந்த இரண்டு சாக்குக் காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். துக்க வீட்டில் யாரையும் குறை சொல்ல முடியாது, இடத்தை அடைக்கிறது என்று யாரோ எடுத்துப் போட்டிருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டை விற்கப் பேசி முடித்தபோது ஆடிட்டர் கேட்ட முதல் கேள்வி, "மாடி கட்டினதுக்கு பில் ஏதாவது இருக்கா?" என்பதுதான். 2006இல் மாடி எடுத்தபோது சிமெண்ட், கம்பி வாங்கிய ரசீதுகள், மேஸ்திரிக்குக் கொடுத்த பணத்தைத் தேதி போட்டு எழுதிய நோட்டு, எல்லாம் அந்தச் சாக்கில்தான் இருந்தன. மாடிக்கு ஆன செலவு எட்டு லட்சம் என்று வைத்துக்கொண்டால், அதைக் காட்ட முடியாமல் போனதில் மட்டும் ஒரு லட்சம் ரூபாய் வரி கூடுதலாகப் போனது.

இதை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். இந்தியாவில், இறந்தவரின் வீட்டை வாரிசுகள் விற்கும்போது கட்ட வேண்டிய மூலதன ஆதாய வரி இறந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை, அவர் அந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து தொடங்குகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். புரியாமல் போனால், கணக்குப் போட்டு வைத்த தொகைக்கும் கடைசியில் கட்டும் தொகைக்கும் பல லட்சம் வித்தியாசம் வரும்.

முதலில் ஒரு நிம்மதியான செய்தி. வீடு உங்கள் கைக்கு வருவதற்கு வருமான வரி கிடையாது. 1953இல் வந்த எஸ்டேட் டியூட்டி என்கிற இறப்புச் சொத்து வரியை 1985இலேயே எடுத்துவிட்டார்கள். உயில் மூலம் வந்தாலும், உயில் இல்லாமல் வாரிசு முறைப்படி வந்தாலும், அது விற்பனை ஆகாது, வருமானமும் ஆகாது. வரி வருவது நீங்கள் அதை விற்கும்போதுதான்.

விற்கும்போது ஆதாயம் என்றால் என்ன? விற்ற விலையிலிருந்து அடக்கவிலையைக் கழித்தால் வருவது. வாரிசு ஒரு பைசாகூடக் கொடுத்து வாங்கவில்லையே, அடக்கவிலை எது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சிலர் பூஜ்யம் என்று நினைத்து முழு விற்பனைத் தொகைக்கும் வரி கட்டத் தயாராகிறார்கள். இன்னும் பலர், அப்பா இறந்த அன்று வீடு என்ன விலைக்குப் போயிருக்குமோ அதுதான் அடக்கவிலை என்று நினைக்கிறார்கள். இந்த இரண்டாவது எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இணையத்தில் ஆங்கிலத்தில் தேடினால் வருவது பெரும்பாலும் அமெரிக்கக் கட்டுரைகள். அந்த நாட்டுச் சட்டத்தில் அது உண்மைதான்: ஒருவர் இறந்ததும் அவர் சொத்தின் அடக்கவிலை அன்றைய சந்தை மதிப்புக்கு உயர்ந்துவிடும், அதை ஸ்டெப்-அப் என்கிறார்கள். இறந்தவரின் எஸ்டேட், அதாவது அவர் விட்டுப்போன சொத்தை இன்னும் பிரிக்காமல் நிர்வகிப்பவர்கள், ஆறு மாதத்தில் வீட்டை விற்றால் ஆதாயமே இருக்காது, தரகும் மற்ற செலவும் போக நஷ்டம்கூடக் காட்டுவார்கள். பிரிட்டனிலும் இறந்த நாளின் மதிப்பைத்தான் எடுக்கிறார்கள். நம் சட்டம் அப்படி இல்லை.

நம் சட்டம் சொல்வது இது: அந்தச் சொத்தைக் கடைசியாகக் காசு கொடுத்து வாங்கியவர் யாரோ, அவருடைய அடக்கவிலைதான் உங்கள் அடக்கவிலை. தாத்தா வாங்கினார், அப்பாவுக்கு வந்தது, அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்தது என்றால், தாத்தாவின் கிரையப் பத்திரம் வரைக்கும் பின்னால் போக வேண்டும். அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். ஆகவே அப்பா இறந்த மறுமாதமே விற்றாலும், அவரும் நீங்களும் சேர்த்து 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அது நீண்டகால ஆதாயம்தான், குறுகியகால ஆதாயம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

சரி, 1984இல் முப்பதாயிரத்துக்கு வாங்கிய மனைக்கு முப்பதாயிரம்தான் அடக்கவிலையா? இல்லை. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்தாக இருந்தால், உண்மையான விலைக்குப் பதில் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் ஒரு அறிக்கை வாங்குவது வழக்கம். ஆனால் 2020 பட்ஜெட்டில் இதற்கு ஒரு கடிவாளம் போட்டார்கள்: அந்தத் தேதியில் முத்திரைத்தாளுக்காக அரசு வைத்திருந்த மதிப்பு எதுவோ, நம் ஊர்ப் பேச்சில் வழிகாட்டி மதிப்பு, அதைத் தாண்டக் கூடாது. அன்றைக்குப் பெரும்பாலான ஊர்களில் வழிகாட்டி மதிப்பு சந்தை விலைக்குக் கீழேதான் கிடந்தது என்பதால், பழைய வீடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது வலிக்கிற திருத்தம். மதிப்பீட்டாளர் தாராளமாக ஒரு எண்ணைப் போட்டுக் கொடுத்தால் சந்தோஷப்படாமல், 2001இன் வழிகாட்டி மதிப்பு என்ன என்று சார் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி விகிதம். 2024 ஜூலை 23 முதல் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், பணவீக்கத்துக்கான கழிவு கிடையாது. முன்பு 20 சதவீதம், ஆனால் இண்டெக்ஸேஷன் என்கிற பணவீக்கக் கழிவு உண்டு. பட்ஜெட்டில் இதை அறிவித்ததும் பெரிய எதிர்ப்பு வந்தது, அடுத்த மாதமே கொஞ்சம் இறங்கி வந்தார்கள். அதன்படி, அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலத்துக்கும் கட்டடத்துக்கும், இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு, எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா 2023இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, ஒரு மகன், ஒரு மகள். பாட்டி உயிரோடு இல்லை. (இருந்திருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கும் ஒரு பங்கு உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) வீட்டை 2026 ஜனவரியில் 1 கோடியே 20 லட்சத்துக்கு விற்கிறார்கள். 2001 மதிப்பு 9 லட்சம். பணவீக்கத்துக்காக அரசு வருடாவருடம் அறிவிக்கும் இண்டெக்ஸ் எண் 2001-02க்கு 100, 2025-26க்கு 376. புதிய முறையில் ஆதாயம் 1 கோடியே 11 லட்சம், வரி 13,87,500. பழைய முறையில் 9 லட்சம் 33,84,000 ஆக உயரும், ஆதாயம் 86,16,000, வரி 17,23,200. இங்கே புதிய முறைதான் மேல். இதுவே அறுபது லட்சத்துக்குப் போகிற வீடாக இருந்தால் கதை மாறும்: புதிய முறையில் 6,37,500, பழைய முறையில் 5,23,200. 2025-26க்கு நான் போட்டுப் பார்த்த கணக்கில், விற்ற விலை 2001 மதிப்பைப் போல் சுமார் 8.4 மடங்குக்குக் கீழே இருந்தால் பழைய முறை லாபம், அதற்கு மேல் போனால் புதிய முறை. மனை விலை ஏறிய இடங்களில் பெரும்பாலும் புதிய முறைதான் குறைவாக வரும். பழைய அடுக்குமாடி வீடுகளில் இரண்டையும் போட்டுப் பார்க்காமல் விடக் கூடாது.

இறந்த நாள் மதிப்பை நம்பியவர் என்ன நினைத்திருப்பார்? 2023இல் வீடு 1 கோடியே 10 லட்சம் போயிருக்கும், ஆதாயம் பத்து லட்சம், வரி ஒன்றேகால் லட்சம். உண்மையில் வருவது கிட்டத்தட்ட பதினான்கு லட்சம். விற்ற பணத்தைப் பங்கு பிரித்துக் கடனை அடைத்து, கல்யாணச் செலவு செய்து முடித்த பிறகு இந்த எண் தெரியவந்தால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய முறையில் போகிறவர்களுக்கு ஒரு சிறிய சட்டச் சண்டை தெரிந்திருக்க வேண்டும். சட்டத்தின் வாசகத்தை அப்படியே படித்தால், இண்டெக்ஸ் எண்ணை வாரிசு கைக்கு வந்த வருடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் போலத் தெரியும். அப்படி எடுத்தால் 2023-24இன் எண் 348, ஒன்பது லட்சம் ஒன்பதே முக்கால் லட்சத்தைக்கூடத் தொடாது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2011இல் இதை ஏற்கவில்லை. வைத்திருந்த காலத்துக்கு முந்தைய உரிமையாளரின் காலத்தையும் சேர்க்கிறீர்கள், அடக்கவிலையும் அவருடையதை எடுக்கிறீர்கள், பிறகு இண்டெக்ஸுக்கு மட்டும் ஏன் வேறு தேதி என்பதுதான் தீர்ப்பின் சாரம். அது மகள் தாய்க்குத் தானமாகக் கொடுத்த ஃபிளாட் பற்றிய வழக்கு என்றாலும் பரம்பரைச் சொத்துக்கும் அதே தர்க்கம்தான்.

அடுத்தது, எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது: விற்பவர் யார்?

தமிழ்நாட்டில் உயில் இல்லாத வீடுதான் அதிகம். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா மாற்றி, எல்லோரும் சேர்ந்து கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், ஒவ்வொருவரும் அவரவர் பங்குக்குத் தனித்தனியாக வரி கட்டுபவர்கள். நம் குடும்பத்தில் மூவருக்கும் ஆளுக்கு 37 லட்சம் ஆதாயம். ஆளுக்கு 4,62,500 வரி, அந்த வரியின் மேல் போடும் 4 சதவீத செஸ் சேர்த்து 4,81,000. அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை என்றால் அடிப்படை வரம்பான 4 லட்சத்தை இந்த ஆதாயத்திலேயே கழித்துக்கொள்ளலாம், அவர் வரி இன்னும் குறையும். ஆனால் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? "வாங்குறவருக்கு ஒரே கையெழுத்தா இருந்தா வசதி" என்று தரகர் சொன்னதைக் கேட்டு, அம்மாவும் தங்கையும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அண்ணன் ஒருவரே விற்கிறார், பிறகு பணத்தைப் பிரித்துக் கொடுக்கிறார். பாசமுள்ள குடும்பம் செய்கிற காரியம்தான். வரிச் சட்டத்தின் கண்ணில் அது வேறு. முழு 1 கோடியே 11 லட்சமும் அண்ணன் தலையில் விழுகிறது, ஒரு கோடியைத் தாண்டியதால் வரியின் மேல் 15 சதவீதக் கூடுதல் வரி, அதாவது சர்சார்ஜ், ஏறுகிறது, செஸ்ஸோடு சேர்த்து 16,59,450. மூன்று பேராக விற்றிருந்தால், அம்மாவின் கழிவைக் கணக்கில் எடுக்காமலேயே, மொத்தம் 14,43,000. அம்மாவுக்கும் தங்கைக்கும் கொடுத்த பணத்தை அண்ணன் செலவாகக் காட்ட முடியாது. பணம் வாங்கிக்கொண்டு விடுதலை எழுதினால் அதுவே ஒரு விற்பனை, எழுதிக் கொடுத்தவருக்கு அப்போதே வரி.

வசதிதான் பிரச்சினை என்றால் பவர் பத்திரம் போடுங்கள். கையெழுத்துப் போடுவது ஒருவராக இருக்கலாம், விற்பவர்களாக மூவர் பெயரும் பங்கும் பத்திரத்தில் இருக்க வேண்டும், பணமும் மூவர் வங்கிக் கணக்குக்கும் தனித்தனியாகப் போக வேண்டும்.

உயில் இருந்து, அதை நிறைவேற்ற ஒருவரை நியமித்திருந்தால் வேறு கணக்கு. சொத்தைப் பிரித்துக் கொடுத்து முடிக்கிற வரைக்கும் இறந்தவரின் எஸ்டேட்டுக்கு வரும் வருமானம் அந்த நிறைவேற்றுநர் கையில் தனியாக வரி போடப்படும். அவருடைய சொந்த வருமானத்தோடு அது சேராது. நிறைவேற்றுநர் ஒருவராக இருந்தால் தனிநபர் போல நடத்துவார்கள், இருவர் மூவர் என்றால் நபர்களின் கூட்டமைப்பு போல. உயில் எழுதும்போது மகனையும் மகளையும் சேர்த்து நிறைவேற்றுநராகப் போடுவது நியாயமாகத்தான் படும், ஆனால் மேலே சொன்ன இரண்டு முறைக் கணக்கும், வீடு விற்று வீடு வாங்கும் சலுகையும் தனிநபருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் என்று எழுதப்பட்டவை. கூட்டமைப்பாக நின்று அவற்றைக் கேட்டால் அதிகாரியோடு வாதாட வேண்டிவரும். உயிலில் வீட்டையே பிள்ளைகளுக்கு எழுதியிருந்தால், முதலில் அவர்கள் பெயருக்கு மாற்றிவிட்டு அவர்களே விற்பது பெரும்பாலும் சுலபம். வீட்டை விற்றுப் பணத்தைப் பிரித்துக் கொடு என்று உயில் எழுதியவர்கள், இதைத் தெரிந்துகொண்டுதான் எழுதினார்களா என்று ஒரு முறை யோசிப்பது நல்லது.

வரியைக் குறைக்கும் வழிகளிலும் இதே தனித்தனிக் கணக்கு உதவுகிறது. ஆர்இசி, பிஎஃப்சி போன்ற அரசு நிறுவனங்கள் வெளியிடும் 54இசி பத்திரங்களில், விற்ற ஆறு மாதத்துக்குள், ஒருவர் 50 லட்சம் வரை போடலாம். ஐந்து வருடம் எடுக்க முடியாது, 5.25 சதவீதம் அளவில் வட்டி வரும், அந்த வட்டிக்கு வரி உண்டு. மூவரும் ஆளுக்கு 37 லட்சம் போட்டால் ஆதாய வரி பூஜ்யம். ஒருவர் பெயரில் விற்றிருந்தால் ஐம்பது லட்சம்தான் தப்பும், மீதி 61 லட்சத்துக்கு வரி. ஐந்து வருடம் பணத்தைக் கட்டிப்போட எல்லோராலும் முடியாது என்பதும் உண்மை, அவரவர் தேவையைப் பார்த்துப் பாதியைக்கூடப் போடலாம்.

இன்னொரு வழி, விற்ற வீட்டின் ஆதாயத்தில் வேறு வீடு வாங்குவது. விற்பதற்கு ஒரு வருடம் முன்போ இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்கலாம், மூன்று வருடத்துக்குள் கட்டலாம், மூன்று வருடம் அதை விற்கக் கூடாது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் செலவாகாத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று தனிக் கணக்கு திறந்து போட வேண்டும், சாதாரண ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டால் சலுகை போய்விடும். புது வீட்டை விற்றவர் பெயரிலேயே வாங்குவதுதான் பாதுகாப்பு, அம்மா பங்குப் பணத்தில் மகன் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு வாதாட வேண்டாம்.

இதில் ஒரு குழி இருக்கிறது. பழைய ஓட்டு வீட்டை யார் விலை கொடுத்து வாங்குவார்கள் என்று இடித்துத் தரைமட்டமாக்கி, காலி மனையாக விற்கிறார்கள். இடித்துவிட்டால் நீங்கள் விற்பது வீடு அல்ல, நிலம். நிலத்தை விற்று வீடு வாங்கும் சலுகை வேறு பிரிவில் வருகிறது. அதில் ஆதாயத்தை மட்டும் போட்டால் போதாது, விற்ற தொகை முழுவதையும் போட்டால்தான் முழு விலக்கு, அதோடு உங்களுக்கு ஏற்கெனவே ஒன்றுக்கு மேல் வீடு இருக்கக் கூடாது. சொந்த வீடு இரண்டு வைத்திருக்கும் மகனுக்கு அந்த ஜேசிபி செலவோடு சலுகையும் சேர்ந்து போகும். வாங்குபவர் இடித்துக்கொள்ளட்டும், நீங்கள் வீடாகவே விற்றுக் கொடுங்கள்.

கழிக்கக்கூடிய செலவுகளில் தரகு, பவர் பத்திரச் செலவு மாதிரி விற்பனைக்கென்றே ஆனவை அடங்கும். அப்பா 2001க்குப் பிறகு செய்த கட்டட மேம்பாடும் சேரும், நீங்கள் செய்ததும் சேரும், வெள்ளையடித்ததும் குழாய் மாற்றியதும் சேராது. அப்பா வீட்டை அடமானம் வைத்துவிட்டு இறந்து, அந்தக் கடனை நீங்கள் அடைத்து மீட்டிருந்தால் அதுவும் அடக்கவிலையில் சேரும் என்று 1997இல் ஆர்.எம். அருணாசலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்களே வைத்த அடமானத்துக்கு அது பொருந்தாது. விலையைப் பத்திரத்தில் குறைத்துக் காட்டுவது வரியைக் குறைக்கும் என்ற நினைப்பும் வேண்டாம். வழிகாட்டி மதிப்பு பத்திர விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுப்பார்கள்.

டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி, பற்றி இரண்டு வார்த்தை. வீட்டின் மொத்த விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் ஒரு சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். ஆளுக்கு நாற்பது லட்சம்தானே என்று முன்பு விட்டுவிடுவார்கள், 2024 அக்டோபர் முதல் அது நடக்காது, மொத்தத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு விற்பவரின் பான் எண்ணுக்கும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். சில இடங்களில் பழைய பத்திரத்தைப் பார்த்து இறந்தவரின் பான் எண்ணிலேயே கட்டிவிடுகிறார்கள், அதைத் திருத்தி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மகன் அமெரிக்காவில் இருந்தால்? அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் இரண்டு முறைக் கணக்கு அவருக்கு இல்லை, 12.5 சதவீதம் மட்டும்தான். அவர் பங்குக்கு ஒரு சதவீத டிடிஎஸ் செல்லாது, 12.5 சதவீதமும் செஸ்ஸும் பிடிக்க வேண்டும், 50 லட்ச வரம்பும் கிடையாது. வாங்குபவர் பெரும்பாலும் முழு விலையின் மேலேயே பிடிப்பார். வேண்டாம் என்றால் கிரையத்துக்கு முன்பே வருமான வரித் துறையில் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும், அட்வான்ஸ் வாங்கிய உடனே விண்ணப்பித்துவிடுங்கள். அப்புறம் அமெரிக்காவிலும் அவர் இந்த விற்பனையைக் காட்ட வேண்டும். அங்கே ஸ்டெப்-அப் உண்டு, இந்தியாவில் இருக்கும் வீடு, இந்தியாவிலேயே வாழ்ந்து இறந்த அப்பா என்றாலும் உண்டு. ஆகவே அந்த நாட்டுக் கணக்கில் ஆதாயம் கொஞ்சமாக இருக்கும், இங்கே கட்டிய நாலே முக்கால் லட்சத்தை அந்த வரியில் கழிக்க அங்கே வரியே பெரிதாக இருக்காது. இதுவே அப்பா உயிரோடு இருக்கும்போது மகன் பெயருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதியிருந்தால் ஸ்டெப்-அப் கிடையாது, அப்பாவின் பழைய அடக்கவிலைதான் அங்கேயும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களில் "இப்பவே எழுதி வச்சிடலாம்" என்று பேச்சு வரும்போது இதையும் சொல்லுங்கள்.

நான் பிரிவு எண்களை அதிகம் போடாததற்குக் காரணம், 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து எண்கள் எல்லாம் மாறிவிடுகின்றன. இங்கே போட்ட கணக்குகள் 2025-26க்கானவை.

காகிதத்தில் தொடங்கினேன், அதற்கே வருகிறேன். தாய்ப்பத்திரம் தொலைந்திருந்தால் சார் பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். வில்லங்கச் சான்றிதழ் எடுத்தால் வாங்கிய தேதியும் பத்திர எண்ணும் தெரிந்துவிடும். கட்டட அனுமதி வரைபடத்தை மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ கேட்டுப் பார்க்கலாம், சொத்துவரி ரசீதில் எந்த வருடம் பரப்பளவு கூடியது என்று பார்த்தால் மாடி எப்போது எழும்பியது என்பதற்கு ஒரு சாட்சி கிடைக்கும். பெரியப்பா வீட்டு விஷயத்தில் நாங்கள் இதையெல்லாம் செய்தோம், மாடி 2006இல் கட்டியது என்று நிரூபிக்க முடிந்தது, எவ்வளவு செலவானது என்று நிரூபிக்க முடியவில்லை. அந்த எண் மேஸ்திரி நோட்டில் மட்டும்தான் இருந்தது.